நுனி ரொட்டி

காலை ஆறேமுக்கால். ரொட்டிக்கடையின் இரும்புக் கதவு பாதிதான் ஏறியிருந்தது. பல்செட்காரர் குனிந்து உள்ளே போய்ச் சன்னலோர மேசையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்காவது வருவாரா உங்க ஆளு?" என்றார் கடைக்காரம்மா.

"வருவான்."

"நுனித்துண்டு எடுத்து வெச்சிருக்கேன். ஒரு வாரமா எடுத்து வெக்கிறேன், ஒரு வாரமா நானே தின்னுட்டிருக்கேன். என் பல்லுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்ககிட்டதான் வந்து நிப்பேன்."

பல்செட்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பல்செட் செய்வது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. டாக்டர்கள் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் வரிசை கட்டி, வேகவைத்து, தேய்த்து, மெருகு போட்டுக் கொடுப்பார். அந்த வட்டாரத்தில் வயதானவர்களின் சிரிப்பில் பாதி அவர் கைவேலை.

வரவேண்டியவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள். பிற்பாடு பல்செட்காரரின் மகளை லிஃப்ட்காரரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தி ஆனார்கள். ஆனாலும் தனியாக இருந்தால் "டா"தான். "சம்பந்தி" என்பது நாலு பேர் முன்னால் மாட்டிக்கொள்ளும் சட்டை.

இந்தக் கடையில் அவர்களுக்கு ஒரு பழக்கம். யாரும் தனக்கு வேண்டியதைத் தான் சொல்வதில்லை. அடுத்தவருக்குத்தான் சொல்வார்கள். இளவயதில் ஒருநாள், "உனக்கு எது பிடிக்கும்னு உன்னைவிட எனக்குத் தெரியும்" என்று போட்ட பந்தயம். யார் ஜெயித்தார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

"இவனுக்குக் காப்பி, ரெண்டு சர்க்கரை, கொதிக்கக் கொதிக்க. நுனித்துண்டு, கருக வாட்டி" என்பார் பல்செட்காரர்.

"இவனுக்குக் காப்பி, சர்க்கரை இல்லாம, கசக்கணும். நடுத்துண்டு, வாட்டவே வேணாம். பல்லு செய்றவன், பல்லுக்கு வேலை குடுக்க மாட்டான்" என்பார் லிஃப்ட்காரர்.

ஒரு ரொட்டி இருவருக்கும் சண்டையில்லாமல் சரியாகப் போகும்.

போன வாரம்தான் சண்டை வந்தது. அவர்களுக்குள் இல்லை, பிள்ளைகளுக்குள். மகள் ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்து இறங்கினாள். மாப்பிள்ளை வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கி, அங்கே வீடும் பார்த்து, முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் அவளிடம் வந்து சொல்லியிருக்கிறான். "உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றானாம். மகள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருபவள். அந்த ஊரில் நீச்சல்குளமே கிடையாது.

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் கடைப்பக்கம் வரவில்லை. போனில் பேசினாலும் "ம்", "சரி" என்று இரண்டு வார்த்தை. பல்செட்காரரின் மனைவி வேறு, அக்காவின் அறுவை சிகிச்சைக்குத் துணையாக ஊருக்குப் போயிருந்தாள். மனசில் இருப்பதைக் கொட்ட வீட்டில் ஆளில்லை.

கதவுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. லிஃப்ட்காரர் குனிந்து உள்ளே வந்தார். எதிரே உட்கார்ந்தார்.

பல்செட்காரர் கடைக்காரம்மா பக்கம் திரும்பி வாயெடுப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"எனக்குப் பால். ஆறினது. நடுத்துண்டு ரெண்டு. வாட்ட வேணாம்."

கடைக்காரம்மாவின் கையிலிருந்த கத்தி ரொட்டியின் மேலேயே நின்றது. பல்செட்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடுவிலிருந்து வெட்டினார்.

"உடம்பு சரியில்லையாடா?"

"இல்ல."

"வீட்ல எல்லாரும்?"

"ம்."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

லிஃப்ட்காரர் ரொட்டியைப் பாலில் தோய்த்தார். மெல்லாமல் விழுங்கினார்.

பல்செட்காரர் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் வாயைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர், அன்று சிநேகிதன் வாயைப் பார்க்கவில்லை.

பால் முடிந்தது. லிஃப்ட்காரர் எழுந்தார்.

"வரேன், சம்பந்தி."

கடையில் வேறு யாருமில்லை. சட்டை மாட்ட நாலு பேர் இல்லை.

கடைக்காரம்மா நுனித்துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நீங்களே எடுத்துட்டுப் போங்க. என்னால முடியாது."

•

வீட்டில் மகள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி இன்னும் ஈரம். விடியற்காலை வகுப்பை முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"நீ எலுமிச்சைத் தேநீர்தானே குடிப்ப?" என்றார்.

"அது உங்க மாப்பிள்ளை எனக்குச் சொல்றது. சொல்லிச் சொல்லி எனக்குப் பிடிச்சதுன்னு ஆயிடுச்சு." காகிதப் பொட்டலத்தைப் பார்த்தாள். "இது மாமாவோட நுனியாச்சே. வரலையா இன்னிக்கும்?"

"வந்தான். சாப்பிடல."

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பால், ஆறின பால், நடுத்துண்டு, சம்பந்தி.

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னாலதான், இல்லப்பா?"

"சீ, அதெல்லாம் இல்ல."

"பின்ன என்ன? நான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன், அவர் காப்பியை விட்டுட்டார். கணக்கு சரியாத்தானே இருக்கு."

"பெரியவங்க விஷயம் வேற."

"பெரியவங்களா? போன வாரம் வரைக்கும் ஒரே ரொட்டிக்கு அடிச்சிக்கிட்டவங்க நீங்க."

"அடிச்சிக்கிட்டதே இல்ல. அதுதான் விஷயமே" என்றார் அவர்.

பட்டறையில் போய் உட்கார்ந்தார். யாரோ ஒரு அம்மாளின் மேல்வரிசை, மெழுகில், பாதியில் நின்றிருந்தது. முன்பல்லை வைத்தார். கோணலாக உட்கார்ந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி கோணல்.

கத்தியைக் கீழே போட்டார். சட்டையை மாற்றினார். இதை மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு இரவைத் தள்ள முடியாது. திட்டினால் திட்டட்டும். முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும்.

•

லிஃப்ட்காரர் வீடு மூன்றாவது மாடி. அந்தத் தெருவிலேயே சத்தமில்லாமல் ஏறி இறங்கும் லிஃப்ட் அந்தக் கட்டடத்தில்தான். பல்செட்காரர் படியிலேயே ஏறினார். சொல்லப்போகும் வார்த்தைகளை வரிசைப்படுத்த நேரம் வேண்டியிருந்தது.

மணி அடித்தார். கதவு ஒரு சாண் திறந்தது. லிஃப்ட்காரர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

"ஒழு நிமிழ..." என்று காற்றுதான் வந்தது. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

பல்செட்காரர் பின்னாலேயே போனார். சமையலறைத் தொட்டிப் பக்கத்தில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர், தண்ணீருக்குள் பல்செட். தன் கைவேலை யாருக்குத்தான் அடையாளம் தெரியாது.

லிஃப்ட்காரர் அதை எடுத்து அவசரமாக மாட்டினார். மாட்டும்போது ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அந்த ஒரு கண் போதும், இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு.

"வா, உக்காரு. காப்பி போடச் சொல்றேன். அவ மார்க்கெட் போயிருக்கா, இப்ப வந்துடுவா."

"கழட்டுடா."

"எதுக்கு? நல்லாத்தான் இருக்கு."

"கழட்டுன்னா கழட்டு."

"நல்லா இருக்குன்னு சொல்றேன் இல்ல?"

"அப்ப இதைக் கடி." பல்செட்காரர் சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அதை ஏன் எடுத்து வந்தோம் என்று அவருக்கே தெரியாது.

லிஃப்ட்காரர் நுனித்துண்டைப் பார்த்தார். சிநேகிதனைப் பார்த்தார். மெல்ல வாயில் விரலை விட்டுக் கீழ்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பல்செட்காரர் அவரைச் சன்னல் பக்கம் திருப்பி, உதட்டை இழுத்துப் பார்த்தார். இடதுபக்க ஈறில் பட்டாணி அளவுக்குச் சிவந்து புண்ணாகியிருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"எத்தனை நாளா?"

"போட்ட அன்னிலேருந்து."

பல்செட்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எட்டு நாளைக்கு முன்னால் லிஃப்ட்காரர் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்தபோது தும்மல் வந்தது. பழைய செட் மேலும் கீழுமாக ஏழு மாடி இறங்கிப் போய்த் தூளானது. "நாளைக்கே வேணும்டா, எலும்புக்கூடு மாதிரி இருக்கேன்" என்று ஓடிவந்தார். வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போய் அளவு எடுத்துவிட்டு வரச் சொல்லியிருப்பார் பல்செட்காரர். இவரிடம் அலமாரியைக் காட்டினார். முந்தைய செட்டுக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சு அங்கே தூசி படிந்து இருந்தது. "அளவு எதுக்குடா? உன் வாய் எனக்கு மனப்பாடம்" என்றார்.

அச்சு பழசு. ஈறு வருடா வருடம் தேயும். புதிதாக வேலை கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே அவர் சொல்லித்தரும் பாடம் அது.

"ஏன்டா சொல்லல?"

லிஃப்ட்காரர் கையை விரித்தார்.

"நட. பட்டறைக்கு நட."

•

மகள் முன்னறையில் இருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். லிஃப்ட்காரர் வாயைப் பொத்திக்கொண்டே தலையை ஆட்டினார். அவள் "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பல்செட்காரர் அளவெடுக்கும் மாவைத் தண்ணீரில் கொட்டி வேகமாகக் குழைத்தார். லாடம் போன்ற சின்னத் தட்டில் அள்ளி வைத்து, சிநேகிதனின் வாய்க்குள் அழுத்தினார். இளஞ்சிவப்பு மாவு உதட்டோரம் பிதுங்கியது.

"இறுகுற வரைக்கும் அசையாத. பேசாத. மூக்கால மூச்சு விடு."

"ம்."

அப்போதுதான் அவருக்குத் தோன்றியது, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காதென்று. தட்டை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தபடி பேச ஆரம்பித்தார்.

"இப்ப உன்னால குறுக்க பேச முடியாது. கேளு. உன் பையன் பண்ணினது தப்பு. என் பொண்ணு சட்டுனு கிளம்பி வந்ததும் எனக்குப் பெருமையா இல்ல. அவங்க சேர்ந்து இருக்கட்டும், இல்ல யோசிச்சு ஒரு முடிவுக்கு வரட்டும். அது அவங்க பாடு."

"ம்ம்."

"அசையாத. காலைல நீ என்னைச் சொல்ல விடாம நீயே உனக்குச் சொல்லிக்கிட்டே பாரு, எனக்கு உசுரே போச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அதுக்குமேல சம்பந்தின்ன. ஆள் இல்லாத கடைல, சம்பந்தி! டேய், சம்பந்தம் இருந்தாலும் இல்லாட்டியும் எனக்குக் காப்பி சொல்ல நீ வேணும்டா. கசப்பா வேணும்னு வேற யார்கிட்டப் போய் சொல்லுவேன் நான்?"

லிஃப்ட்காரரின் கண்ணில் தண்ணீர் கட்டியது. தொண்டையில் மாவு இடித்ததாலும் இருக்கலாம். கையை உயர்த்தி நாற்காலிக் கையில் தட்டினார்.

"இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். முடிஞ்சுது."

தட்டு ஒரு சத்தத்தோடு வெளியே வந்தது. லிஃப்ட்காரர் வாயைக் கொப்பளித்தார். துடைத்துக்கொண்டார்.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"முடிச்சிட்டேன்."

"மடையா." பல் இல்லாத வாயில் அந்த வார்த்தை மெத்தென்று வந்தது. "பொண்ணு பெட்டியோட வந்து நிக்கிறா. அந்த நேரத்துல வந்து, நீ செஞ்ச பல்லு சரியில்லன்னு எப்படிச் சொல்றது? மகனுக்காகப் பழி வாங்குறேன்னு நீ எடுத்துக்குவ. சரி, ஆறட்டும்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். அதையும் கடிக்க முடியல."

"அப்ப சம்பந்தி?"

"டான்னு வாயைத் திறந்தா கீழ்செட் லிஃப்ட் மாதிரி மேல வருது. சம்பந்தின்னா உதடு மூடிக்குது. வேணும்னா நீயே போட்டுச் சொல்லிப் பாரு."

பல்செட்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிரே லிஃப்ட்காரர் வெறும் ஈறைக் காட்டிச் சிரித்தார்.

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கண் சிவந்திருந்தது. ஆனால் உதட்டோரம் அவளுக்கும் சிரிப்பு முட்டியது.

"ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க" என்றாள். "இனிமே உங்க காப்பியை என் தலைல கட்டாதீங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. நான் வீட்டை விட்டு வந்ததைவிட மாமா கடைக்கு வராததுதான் பெரிய பாவமா இருந்துச்சு."

"எல்லாம் உங்கப்பன் அளவெடுக்காத லட்சணம்மா" என்றார் லிஃப்ட்காரர். "பழைய அச்சை வெச்சுக்கிட்டுப் புதுப் பல்லு. அதே வேலையத்தான் என் பையனும் பண்ணியிருக்கான். நேத்து அவனைப் பிடிச்சு உலுக்கிட்டேன். இந்த வாயை வெச்சுக்கிட்டுத் திட்டினது பாதி புரிஞ்சிருக்காது."

"புரிஞ்ச பாதி எது?" என்றாள் மகள்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ரொட்டிக்கடைக்கு வாடான்னது. நீ வரணும்னு கட்டாயம் இல்ல. வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

ஈரத்துணியை எடுத்து, மேசையில் சிந்தியிருந்த மாவைத் துடைத்தாள்.

•

புதுச் செட்டுக்கு இன்னும் சில நாள் ஆகும். அதுவரைக்கும் ஆகட்டுமென்று, அழுத்துகிற இடங்களை இப்போதிருக்கும் செட்டிலேயே இழைத்து எடுத்திருந்தார் பல்செட்காரர். மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி இழைத்து, மத்தியானச் சாப்பாடே மறந்துபோனது.

சாயங்காலம் சன்னலோர மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"இவனுக்கு" என்று ஆரம்பித்த பல்செட்காரர் நிறுத்தினார். எதிரே பார்த்தார்.

"சொல்லுடா" என்றார் லிஃப்ட்காரர். டா சுத்தமாக வந்தது. கீழ்செட் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இவனுக்குக் காப்பி, ரெண்டு சர்க்கரை, கொதிக்கக் கொதிக்க. நுனித்துண்டு."

"கருக வாட்டியா?" கடைக்காரம்மாவின் குரல் ஏறியது.

"பாதி வாட்டுங்க. புண்ணு ஆறட்டும்."

"பார்த்தீங்களா," என்றார் லிஃப்ட்காரர், "இப்பதான் அளவெடுத்துச் சொல்றான்."

தட்டு வந்தது. லிஃப்ட்காரர் துண்டை வலதுபக்கம் வைத்தார். மெதுவாகக் கடித்தார். பல்செட்காரர் மூச்சை நிறுத்திக்கொண்டு அந்த வாயையே பார்த்தார். கடைக்காரம்மாவும் கத்தியோடு நின்று பார்த்தார்.

மொறுக்கென்றது.

"ம்" என்றார் லிஃப்ட்காரர். காலையில் சொன்ன அதே "ம்" இல்லை அது.

கடைக்காரம்மா ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பாடா. என் பல்லு பிழைச்சுது."

காப்பி கசந்தது. பல்செட்காரருக்குப் பிடித்த அளவுக்குக் கசந்தது. கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் எதிரே இருப்பவன் சொன்ன காப்பி. ஆனாலும் இனிமேல் எப்போதாவது ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறு அடித்துச் சற்று நேரத்தில் மகள் வந்தாள். வேலைப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே, அவர்களுக்குப் பின்னால் இருந்த மேசையில் உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவும் திரும்பவில்லை.

பின்னாலேயே மாப்பிள்ளை வந்தான். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, அவள் எதிரே நாற்காலியை இழுத்தான்.

"திரும்பாத" என்று லிஃப்ட்காரர் முணுமுணுத்தார்.

"நான் எங்கடா திரும்பினேன்?"

"காது திரும்பியிருக்கு."

கடைக்காரம்மா அந்த மேசைக்குப் போனார். "என்ன தரட்டும்?"

"இவளுக்கு எலுமிச்சை..." என்று மாப்பிள்ளையின் குரல் பழக்கத்தில் எழுந்தது.

அங்கேயே நின்றது.

பல்செட்காரர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார். லிஃப்ட்காரர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அடுப்பில் பால் பொங்கி இறங்கும் சத்தம் கேட்டது.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி ஒன்று முன்னுக்கு நகர்ந்தது. மாப்பிள்ளையின் குரல் இந்தத் தடவை மெதுவாக வந்தது.

"உனக்கு என்ன வேணும்?"